மிடறு எண்ணும் ஜேசுரட்ணம்

எட்டு. ஒன்பது. பத்து. ஜேசுரட்ணம் எண்ணுவது குதிரைகளை அல்ல, அவை விழுங்கும் மிடறுகளை. தொட்டியில் குனிந்து நிற்கும் குதிரையின் காதைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு மிடறுக்கும் அது பின்னால் மடிந்து நிமிரும். காது அசையாவிட்டால் குதிரை வாயை மட்டும் நனைக்கிறது என்று அர்த்தம். டோர்ட்மண்டுக்கு வெளியே, மற்றவர்களின் குதிரைகளைப் பராமரிக்கும் பண்ணையின் பனி மூடிய இந்தப் புல்வெளியில் ஒன்பது குதிரைகளும் குடித்து முடியும்வரை அவர் நகரமாட்டார்.

“தொட்டியிலை தண்ணி குறைஞ்சதோ எண்டு பாக்கக்கூடாது. ஆர் குடிச்சது எண்டு பாக்கவேணும்,” என்பார்.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம். விடிய எட்டு மணியாகிறது. அதற்கு முன்பே பஸ்ஸில் வந்து இறங்கி, இருபது நிமிடம் நடந்து, கோடரியின் பின்புறத்தால் தொட்டியில் உறைந்திருப்பதை உடைப்பார். உடைத்ததோடு விடுவதில்லை. மிதக்கும் துண்டுகளையெல்லாம் ஒரு வடிகட்டியால் அள்ளி எறிவார். மனைவி அன்ரனிற்றா சோறு வடித்த வடிகட்டி அது. வீட்டில் அதைத் தேடிய மூன்று நாளும் வாயே திறக்காதவர், கடைசியில் “குதிரைக்குப் பல்லுக் கூசுமெல்லோ” என்று ஒப்புக்கொண்டார்.

“எனக்குப் பல்லுக்கொதியிலை உயிர் போகேக்கை ஒரு பனடோல் எடுத்துத் தந்த மனிசனோ இது?” என்று அன்ரனிற்றா இன்றைக்கும் கேட்பாள்.

மனிதர்களிடம் பேச்சில் அவர் கஞ்சன். பெட்டைக் குதிரைகளிடம் “வாங்கோ, குடியுங்கோ” என்று மரியாதை வழியும்; ஆண் குதிரைகளுக்கு “வாடா” போதும். கையுறையைக் கழற்றிவிட்டு, குதிரை போட்ட லத்தியை வெறுங்கையால் உடைத்து ஈரம் பார்ப்பார். அந்தக் கையைப் பனியில் தேய்த்துவிட்டுப் பாண் துண்டைக் கடிப்பார். அதைக் கண்டும் காணாததுபோல் இருப்பதே நல்லது.

சொந்த இடம் இலங்கையின் நெடுந்தீவு. அங்கே கேட்பாரற்றுத் திரியும் குதிரைகள் கோடையில் தண்ணீரில்லாமல் செத்துக் கிடப்பதைக் கண்டு வளர்ந்தவர். ஜெர்மனியில் ஓர் உணவகத்தில் பதினெட்டு வருடம் கோப்பை கழுவி இடுப்பு விட்டுப்போன பிறகு, வேலை அலுவலகத்துப் பெண் “குதிரை தெரியுமா?” என்று கேட்டாள். ஓம் என்றார். பொய்யில்லை, பார்த்திருக்கிறார். தொட்டிருக்கிறாரா என்று அவள் கேட்கவில்லை.

அந்த ஓம் முதல் குளிர்காலத்திலேயே ஓர் உயிரைக் கொண்டுபோனது. தாகம் என்றால் அவருக்கு வெயில், வெடித்த தரை, வற்றிய கேணி. முழங்கால் அளவு பனி கிடக்கும் வெளியில் ஒரு குதிரை தாகத்தில் சாகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? குழாய் உறைந்த இரண்டு நாளும் “நிலமெல்லாம் தண்ணிதானே, நக்கட்டும்” என்று காய்ந்த புல்லை மட்டும் தாராளமாக அள்ளிப் போட்டார். மூன்றாம் நாள் ஒரு கறுப்புக் குதிரை வயிறு இறுகி, உருண்டு உருண்டு செத்தது. ஒரு வாளித் தண்ணீருக்குப் பத்து வாளிப் பனி தின்ன வேண்டும் என்று மிருக வைத்தியர் பிறகுதான் சொன்னார். யாரும் ஜேசுரட்ணத்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இந்த வருடம் லோட்டே. இருபத்தொன்பது வயது, பல் தேய்ந்த வெள்ளைப் பெட்டை. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் தலையைத் தூக்கிவிடுகிறாள். வெள்ளிக்கிழமை வைத்தியர் வந்து மூக்குவழியே குழாய் விட்டு வயிற்றுக்குத் தண்ணீர் இறக்கினார். இனித் தானாகக் குடித்தால்தான் பிழைப்பாள் என்றார். குதிரைக்கு உரியவர் பான் நகரில் இருக்கும் திருமதி ஹெல்மிங். அவர் தொலைபேசியில் அழுதார். அழுதுகொண்டே வைத்தியரிடம் நேரம் குறித்து, திங்கள் காலைக்கு டெர்மின் எடுத்தார். ஊசி போட்டு லோட்டேயை ஒரேயடியாக அனுப்பிவைக்க.

சனியும் ஞாயிறும் ஜேசுரட்ணத்துக்கு விடுமுறை. இரண்டு நாளும் போனார். பண்ணை வீட்டு அடுப்பில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் வைத்து, உப்பும் தவிடும் கலந்து, நானூறு அடி தூரம் வாளியில் சுமந்தார். அவள் வாய் வைப்பதற்குள் ஆறிவிடும். திரும்ப நடப்பார்.

“கொஞ்சம் குடியுங்கோ. இன்னொருக்கால் அந்தப் பாவம் என்ரை தலையிலை விழ வேண்டாம். ஏலாது, என்னாலை ஏலாது.”

ஞாயிறு மத்தியானம் காது ஒருதரம் மடிந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு காது மடிய மடிய நாற்பது மிடறுவரை எண்ணினார். உடனே பானுக்குத் தொலைபேசி எடுத்தார். சந்தோஷத்தில் தெரிந்த ஜெர்மனும் பறந்துவிட்டது.

“ஸீ டிரிங்க்ட், ஃப்ராவ் ஹெல்மிங்! குடிக்கிறா! ஸீ டிரிங்க்ட்!”

அந்த அம்மா மனமார நன்றி சொன்னார். இன்றைக்கு நீங்கள் சூடாகக் கொடுத்தீர்கள், பங்குனிவரை நாளும் யார் கொடுப்பது என்று கேட்டார்.

“இஷ்,” என்றார் ஜேசுரட்ணம். நான். “யேடன் டாக்.” ஒவ்வொரு நாளும்.

அடுத்த குளிருக்கு, அதற்கடுத்த குளிருக்கு என்று அவளை வதைக்கத் தனக்கு மனமில்லை என்றார் திருமதி ஹெல்மிங். டெர்மினை மாற்றவில்லை. அவர் கெட்டவரும் இல்லை, அதுதான் கொடுமை.

திங்கட்கிழமை வைத்தியரின் கார் படலையருகே வந்து நின்றது. பெட்டியோடு அவர் பனியை மிதித்து நடந்து வந்தார். லோட்டேயின் முகம் ஆவி பறக்கும் வாளிக்குள் இருந்தது. ஜேசுரட்ணம் திரும்பிப் பார்க்கவில்லை. இடக்கையால் வாளியை அவளுக்கு வாகாகச் சாய்த்துப் பிடித்தபடி, வலக்கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து, பொறுக்கச் சொல்லிக் காட்டினார்.