முள்ளாமையைத் தாண்டியவர்

போர்க்காலத்தில், மின்சாரம் இல்லாத உரும்பிராயில் ஜெனரேற்றர் வைத்து ரீவி கேம் ஓட்டிய கடையில்தான் அவரைக் கண்டேன். கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேர்ட், வெட்டாத நகங்கள். பெயர் கேட்டதில்லை.

அந்த விளையாட்டில் முதுகெல்லாம் முள்ளாக ஓர் ஆமை வரும். மற்ற மிருகங்களை மிதித்துக் கொல்லலாம். அதை மிதித்தால் நம் ஆள்தான் சாவான். அவர் அழகாகத் தாண்டுவார். தாண்டியதும் தன் ஆளைத் திருப்பி நிறுத்தி, ஆமையையே பார்த்துக்கொண்டிருப்பார். நேரம் முடிந்து ஆட்டம் நின்றுவிடும். ஒவ்வொரு நாளும் இப்படித்தான்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

“பாஞ்சாச்சுத்தானே அண்ணை, முன்னாலை போங்கோவன்.”

“பின்னாலை வாற ஆளுக்குச் சொல்ல வேணுமெல்லோ.”

“உதிலை பின்னாலை ஒருத்தரும் வாறேல்லை.”

“ஓம்” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “விட்டிட்டு வந்த சாமான் எடுக்க எங்கடை வீட்டு வளவுக்கை போனனாங்கள். மிதிவெடி இருக்கும், என்ரை அடியிலையே அடி வைச்சு வா எண்டு என்ரை மனிசிக்குச் சொன்னனான். வேலி விழுந்து கிடந்த இடத்திலை நான் எட்டிப் பாஞ்சிட்டன். பாயச் சொல்லேல்லை.”

அடுத்தது என் முறை. ஆமையைத் தாண்டினேன். அதற்கு மேலே போகக் கை வரவில்லை.