தசமத்துக்குப் பின்னால் இரண்டு இலக்கம்

வினாயகமூர்த்தி லேசில் யாரையும் நம்புகிற ஆளில்லை. மாத்திரையை மணந்து பார்த்துத்தான் விழுங்குவார். பெண் பார்க்கப் போன வீட்டில், தேநீரை முதலில் மாமனாரைக் குடிக்கச் சொன்ன மனிதர். கல்லடியில் அவரோடு மல்லுக்கட்டாதவர் இல்லை. விலக்கு ஒருவர்தான், காத்தான்குடி மீராசாஹிப். இருவரும் கனகாலமாக வாவியில் பக்கத்துப் பக்கத்தில் நண்டுக்கூடு போடுகிறவர்கள். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர் இருவரின் கூடுகளையும் இழுத்து வருவார். மூர்த்தியருக்கு இருந்த சிநேகிதம் அவ்வளவுதான்.

கூடு போட்ட இடத்தைப் போனில் ஒரு செயலியில் பதிய வேண்டும் என்று மீனவர் சங்கம் சொன்னது. பதிந்தால், யார் எங்கே என்று, வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் எண்களோடு எல்லோருக்கும் குறுஞ்செய்தி வரும். முதல் செய்தியிலேயே மூர்த்தியரின் முகம் கறுத்தது. அவர் பெயருக்கு நேரே 7.69, 81.71. மீராசாஹிப்பின் பெயருக்கு நேரேயும் அதே 7.69, 81.71.

பகலில் பார்த்தால் இருவர் கூடுகளுக்கும் நடுவே நாலு தோணி நீளத்துக்குத் தண்ணீர் கிடக்கிறது. அப்படியானால் ஆள் இருட்டில் வந்து கூட்டை இங்கே இறக்கிவிட்டு, விடியமுன் தள்ளி வைக்கிறாரா? அந்தக் கிழமை முழுக்க நண்டும் குறைவு. இது போதாதா! சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று, அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற மீராசாஹிப்பைக் கேட்டே விட்டார்.

"நானா, என்ட இடத்தில உங்களுக்கு என்ன வேலை?"

மீராசாஹிப் மறுநாள் கூடுகளைத் தூக்கிக்கொண்டு அக்கரைப் பக்கம் போய்விட்டார். குற்றமில்லாதவர் ஏன் ஓட வேண்டும் என்று மூர்த்தியர் அதையும் சந்தேகப்பட்டார். கையும் களவுமாகப் பிடிக்க, அந்தச் செயலியை எழுதிய தனுஷியாவிடம் போனார். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளை. கணினியைப் பார்த்ததும் அவள் உதட்டைக் கடித்தாள்.

"பிழை என்டதான் மாமா. போனுக்குள்ள எண் நீளமா இருக்கு. அத எழுத்தாக்கி அனுப்பக்குள்ள, தசமத்துக்குப் பிறகு ரெண்டு இலக்கத்தோட வெட்டிப்போட்டன். அப்படி வெட்டினா ஒரு கிலோமீற்றர் தண்ணிக்குள்ள ஆர் நிண்டாலும் ஒரே எண்தான்."

ஐந்து இலக்கமாக மாற்றினாள். அவருடையது 7.69412, மீராசாஹிப்பின் பழைய இடம் 7.69431. நடுவிலிருந்த தண்ணீர் அப்படியே வந்து நின்றது. மூர்த்தியருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கே தோணியை அக்கரைக்கு விட்டார்.

"நானா, எண்ணிலதான் பிழை. இந்தா பாருங்க, இப்ப சரியாக் காட்டுது. திரும்பி வாங்க."

மீராசாஹிப் போனைப் பார்க்கவில்லை. கூட்டின் கயிற்றை முடிச்சுப் போட்டபடியே சொன்னார்.

"அந்த மெசேஜ் எனக்கும்தான் வந்த, அண்ணன். நான் போனைத்தான் சந்தேகப்பட்டன்."