ஒன்றரைப் பேர் கணக்கு

யார் கூப்பிட்டாலும், எதற்கென்று கேட்பதற்கு முன்பே அக்கா எழுந்து நின்றுவிடுவாள். அவள் கல்யாணமாகிப் போனதிலிருந்து பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அப்படித்தான், தையல் மிஷினில் இருந்தாலும் அப்படித்தான்.

நாங்கள் ஒரே சட்டைக் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் நூல் பிசிறு வெட்டுபவள். அவள் காலர் வைப்பவள். கோணாமல் காலர் வைக்க அங்கே அவளை விட்டால் ஆள் கிடையாது. மாமா இறந்த பிறகு அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில். மாமியாருக்குப் போன வருடம் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. கொழுந்தனுக்கு முப்பத்தைந்து வயது. உடம்பில் ஒரு குறையும் இல்லை, வேலையும் இல்லை. கட்டிலும் போனும்தான்.

மாமியாரைப் பகலில் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மா வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டார். நகராட்சி நடத்தும் முதியோர் பகல் இல்லத்தில் இடம் கிடைத்தால் அக்கா வேலைக்குப் போகலாம். இல்லாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். இருவரும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம்.

"பதினஞ்சுல இருந்து அறுபத்துநாலு வயசுக்குள்ள வீட்டுல எத்தன பேரும்மா?" என்றார் குமாஸ்தா.

"நானும் என் கொழுந்தனாரும் சார். ஆனா சம்பாதிக்கறது நான் ஒருத்திதான். அவரு எழுந்திரிக்கறதே பத்து மணிக்கு."

"ஃபார்ம்ல வயசுதான் கேட்டிருக்கு. எப்ப எழுந்திரிப்பாருன்னு கேக்கல. உழைக்கிற வயசுல ஒருத்தர் இருந்தா, சின்னவங்க பெரியவங்க சேத்து ரெண்டு பேராவது இருக்கணும். உங்க வீட்டுல மூணு பேருக்கு ரெண்டு பேரு. ஒன்றரைதான் வருது."

"அந்த அரை ஆளு யாரு சார்?"

அவர் காகிதத்தைத் திருப்பித் தள்ளினார். அவர் தலைக்கு மேல், 'உழைக்கும் வயதினரே நாட்டின் செல்வம்' என்று ஒரு படம். அதைக் கிழித்துப் போட என் கை பரபரத்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கொழுந்தன் பெயர் விண்ணப்பத்தில் இல்லாவிட்டால் இடம் உறுதி. வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்.

"தம்பி, கொஞ்ச நாள் உங்க சிநேகிதரு ரூமுல போய் இருங்களேன்."

"என்ன அண்ணி, என் வீட்டுலேர்ந்து என்னையே கெளப்புறீங்களா?"

"அப்ப பகல்ல அத்தைய நீங்க பாத்துக்கங்க."

"ஆம்பள நான் எப்படி அவங்களுக்குத் துணி மாத்துவேன்?"

"வேணாம் சாமி! உங்களுக்கு மூச்சும் நானே விட்டுடறேன், நீங்க படுத்துக்கங்க!"

அவள் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். அவன் தலையணையை முகத்தில் போட்டுக்கொண்டான்.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தபோது மேனேஜர் அலுத்துக்கொண்டார். "கெழவங்களும் கொழந்தைங்களுமா பெருகிப்போச்சும்மா. உழைக்க எவன் இருக்கான்? நீயும் இப்படிப் பண்றியே."

கிழவியையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்தபடி தினமும் எட்டு மணிக்கு மிஷினில் உட்கார்ந்தவளிடம் அதைச் சொன்னார்! வேலை தெரிந்த ஒருத்தியை வீட்டில் அடைத்துவிட்டு, உழைக்க ஆளில்லை என்று மூக்கைச் சிந்துகிறார்கள். படுத்துக் கிடப்பவன் உழைப்பவனாம். அந்தக் கணக்கைப் பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து எழுதினார்களாம்.

இப்போது அக்கா வீட்டில் இருக்கிறாள். அவள் மிஷினுக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஆர்டர் பாதி வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் மூத்தவளுக்குப் பதினைந்து வயது. மறுபடி விண்ணப்பித்தால், பள்ளிக்கூடம் போகும் அவளும் உழைக்கும் வயதில்தான் வருவாள். என் சம்பளத்தில் இரண்டு வீடு நடக்கிறது.