சார்ஜன்ட் புஷ்பராணியும் என் வயிற்றெரிச்சலும்

காலை எட்டு மணிக்கு நிஸார் நானா தொலைபேசியில் அழைத்தார். ஹட்டனில் சில்லறைக் கடை வைத்திருப்பவர், நாங்கள் இருவரும் வேலை செய்த பயிற்சி நிலையத்துக்கு அரிசி பருப்பெல்லாம் தந்தவர். "டீச்சர், நம்ம சார்ஜன்ட் மிஸ் விடியக்காலம் தவறிட்டாங்க. நேத்தும் கடைக்கு வந்து சீனி போடாத பிஸ்கட் இருக்கான்னு கேட்டாங்களே" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார். நான் பொய் சொல்லப் போவதில்லை. கண்ணீர் வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அப்பாடா, இனி ஒருவரும் என்னை 'சார்ஜன்டுக்கு மொழிபெயர்த்த டீச்சர்' என்று அறிமுகப்படுத்த மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

புஷ்பராணியைத் தெரிந்தவர்களே, இப்படி ஒரு அஞ்சலியா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். சுளியுங்கள். செத்துப்போனவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. ஆறு வயதிலிருந்து ஒன்றாகப் படித்தவளை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அவளும் நானும் ஒரே தேயிலைத் தோட்டம், கொத்மலைப் பக்கம். என் அப்பா அங்கே பெரிய கிளாக்கர். எங்களுக்குத் தனி வீடு, வாசலில் ரோஜாச் செடி. அவள் லயத்துப் பிள்ளை, தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள், அம்மா கொழுந்து எடுத்தார். வகுப்பில் நான் முதலாவது, அவள் இரண்டாவது. அந்த வரிசை மாறாத வரைக்கும் எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது.

நான் ஆங்கில ஆசிரியை ஆனேன், அன்றிலிருந்து அவளுக்கும் நான் 'டீச்சர்'தான். அவள் பொலிஸில் சேர்ந்தாள். லயத்துப் பெண் பொலிஸ் உடுப்போடு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தோட்டமே மூக்கில் விரல் வைத்தது. பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் மரக்கறி வாங்கப் போய்ப் போய்ச் சிங்களம் பழகியவள். பேசவும் வரும், எழுதவும் வரும். எனக்கோ சிங்களத்தில் பேச்சே தட்டுத் தடுமாறித்தான், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆங்கிலம் தெரிந்த எனக்கு அது எதற்கு என்று இருந்துவிட்டேன்.

போர்நிறுத்தக் காலத்தில் ஹட்டனுக்கு மேலே பழைய துரை பங்களா ஒன்றை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வாடகைக்கு எடுத்தது. ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரிகள், இராணுவக்காரர்கள், நீதிபதிகள் என்று பல நாட்டவர்கள் அங்கே வருவார்கள். சண்டை முடிந்த நாடுகளுக்குப் போய், அங்குள்ள பொலிஸையும் படையையும் சிறைச்சாலையையும் மக்களுக்குப் பயன்படும்படி திருத்தி அமைக்க ஆலோசனை சொல்வது அவர்கள் வேலை. போவதற்கு முன் மூன்று வாரப் பயிற்சி. ஏன் ஹட்டன் என்று கேட்டால், மக்கள் ஒரு மொழியும் பொலிஸ் இன்னொரு மொழியும் பேசுகிற இடத்திலேயே அவர்கள் பழகட்டும் என்றார்கள். வந்தவர்களுக்குக் குளிரும் ஒத்துக்கொண்டது.

பாடநூலை எழுதியவள் நான். இருநூறு பக்கம், ராத்தூக்கம் இல்லாமல் எழுதினேன். 'பொதுமக்களின் நம்பிக்கை' என்ற அத்தியாயம் மட்டும் நாற்பது பக்கம். பொலிஸிலிருந்து ஓய்வுபெற்றிருந்த புஷ்பராணியை ஒரு மணி நேரம் அனுபவம் பேசுவதற்குக் கூப்பிட்டார்கள். கூப்பிடச் சொன்னதும் நான்தான், என் தலையெழுத்து.

முதல் நாள் அவள் ஒரு மேசையையும் நாற்காலியையும் போட்டு உட்கார்ந்தாள். பயிற்சிக்கு வந்த பதினெட்டுப் பேரில் ஆக உயரமான மனிதரை, வட நாடொன்றில் பொலிஸ் தலைமை வகித்தவரை, எதிரே நிற்க வைத்தாள். "ஒங்க கொட காணாமப் போச்சுன்னு முறைப்பாடு குடுங்க" என்றாள். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, அவள் கொப்பியில் தமிழில் எழுதினாள். பிறகு கொப்பியைத் திருப்பி வைத்து, "சரிதானே? கையெழுத்துப் போடுங்க" என்றாள். மனிதர் சிரித்துக்கொண்டே போட்டார். "டீச்சர், இப்ப வாசிச்சுச் சொல்லுங்க" என்றாள். நான் வாசித்தேன். 'குடையை நான்தான் திருடினேன். எனக்கு உதவியவர் பக்கத்தில் நிற்கும் இந்த மொட்டைத் தலைக்காரர். எங்களை எவ்வளவு நாள் உள்ளே வைத்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.'

சிரிப்பு எழுந்தது, உடனே நின்றுபோனது. அந்த உயரமான மனிதர் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். புஷ்பராணி சொன்னாள்: "கையெழுத்துப் போடுற ஆளுக்கு வாசிக்க வருமான்னு மொதல்ல கேளுங்க. ஒரு தரம் கேட்டாப் பத்தாது. எங்க ஊருல தேத்தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டா வேணாம்னுதான் சொல்லுவோம். ரெண்டாவது தரம் கேட்டாத்தான் வாங்கிக் குடிப்போம். ஸ்டேசன்லயும் அப்படித்தான். ரெண்டாவது தரம் கேளுங்க."

ஒரு மணி நேரம் என்று வந்தவளை மூன்று வாரமும் வைத்துக்கொண்டார்கள். அடுத்த குழுவுக்கும், அதற்கடுத்த குழுவுக்கும் அவள்தான். என் பாடநூல் அவர்களுடைய அறைகளில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் கிடந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். எரிந்தது. சும்மா சொல்லவில்லை, அடி வயிற்றிலிருந்து எரிந்தது. இருநூறு பக்கம் எழுதிய எனக்குக் கைகுலுக்கல், தேத்தண்ணீர்க் கதை சொன்ன அவளுக்குக் கண்ணீரோடு கட்டித் தழுவல்!

பிறகு தபால் வரத் தொடங்கியது. ஆபிரிக்காவிலிருந்தும் கிழக்குத் தீவுகளிலிருந்தும் ஆலோசகர்கள் எழுதுவார்கள், எல்லாம் அவள் பெயருக்கு. அவளுக்கு ஆங்கிலம் வராததால் கடிதத்தைப் பிரித்து நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். 'இங்கே இரண்டாவது தரம் கேட்பதை விதியாகவே எழுதிவிட்டோம், சார்ஜன்ட்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கடைசி வரியில், 'மொழிபெயர்ப்பாளருக்கும் என் வணக்கம்' என்று இருந்தது. என் பெயர்கூட அவருக்கு ஞாபகம் இல்லை. நான் அந்த வரியை வாசிக்காமல் மடித்துக் கொடுத்தேன்.

அவளையே ஆலோசகராகக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஆறு மாதம், ஆபிரிக்காவில் சண்டை ஓய்ந்த ஒரு நாட்டுக்கு. என்னைக் கேட்கவில்லை. தமிழும் அந்த ஊர் மொழியும் தெரிந்த வேறொரு பிள்ளை மொழிபெயர்த்தாள். திரும்பி வந்தவளிடம், "அங்க என்னதான் செஞ்ச?" என்று கேட்டேன். "ஒரு பெஞ்சு போடச் சொன்னேன் டீச்சர்" என்றாள். "முறைப்பாடு சொல்ல வர்றவங்க எல்லாம் நின்னுக்கிட்டு இருந்தாங்க. பொலிஸ்காரர் மட்டும் ஒக்காந்திருந்தாரு. ஒக்காந்தாத்தானே மனுசன் நிதானமாப் பேசுவான்?" ஆறு மாதத்துக்கு ஒரு பெஞ்சா என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நாட்டில் எத்தனையோ நிலையங்களில் அந்தப் பெஞ்சைப் போட்டுவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். என் நாற்பது பக்கத்தில் பெஞ்சு என்ற சொல்லே கிடையாது.

இதெல்லாம் சில்லறைப் பொறாமை. பெரியதை இனித்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது குழுவில் ஒரு பெண் நீதிபதி இருந்தார். குடை நாடகம் முடிந்ததும் எழுந்து, "இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள், சார்ஜன்ட்?" என்று கேட்டார். புஷ்பராணி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கே நடந்திச்சு. பொலிஸ்ல சேர்றதுக்கு முந்தி. எந்தம்பியப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. நான் ஸ்டேசனுக்குப் போனேன். சிங்களத்துல எழுதினாங்க. எனக்கு வாசிக்க வராது. வராதுன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன். தம்பி பதினாலு மாசம் உள்ள கெடந்தான்."

மொழிபெயர்ப்பவருக்கு ஒரு முறை உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும், 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கக் கூடாது. ஆகவே பதினெட்டுப் பேருக்கு முன்னால் நின்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: நான் ஸ்டேசனுக்குப் போனேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். என் தம்பி பதினான்கு மாதம் உள்ளே கிடந்தான். எல்லோரும் புஷ்பராணியைப் பார்த்துக் கலங்கினார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் அது நடந்தது எனக்கு.

தொண்ணூறுகளின் நடுவில் அது. என் தம்பி ரவி சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போனவன், லயத்துக் குடும்பங்களை அவனுக்குத் தெரியாது; அங்கே ஒரு புடவைக் கடையில் வேலை செய்தான். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவனைப் பொலிஸ் சுற்றிவளைப்பில் சந்தேகத்தின் பேரில் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த நகரத்து நிலையம் என்பது வேண்டாம். நான் போனேன். கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தான், எங்கேயும் போகவில்லை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். எழுதினார்கள். பக்கத்து மேசையில் கான்ஸ்டபிள் உடுப்போடு புஷ்பராணி. எழுந்து வந்து மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், வாசிச்சுக் காட்டட்டுமா?"

வேறு யார் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். லயத்துப் பிள்ளை, வகுப்பில் எனக்கு இரண்டாவதாக வந்தவள், அவள் வாசித்துக் காட்ட கிளாக்கர் மகள் நின்று கேட்பதா? "தேவையில்ல. எனக்குத் தெரியும்" என்றேன். பேனையை வாங்கி அழகாகக் கையெழுத்துப் போட்டேன், ஆங்கிலத்தில். அந்தக் கடுதாசியில் இருந்தது இதுதான்: தம்பி எங்கே தங்குகிறான், யாரோடு பழகுகிறான் என்று எங்களுக்கு எதுவும் தெரியாது. வீட்டாரே பொறுப்பேற்காதவன் என்று அதைக் காட்டித்தான் அவனைப் பதினான்கு மாதம் உள்ளே வைத்தார்கள். மாதங்கள் கழித்து வக்கீல் அதை எனக்குத் தனியாக வாசித்துக் காட்டினார். ரவிக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். பொலிஸ் தானாகவே பொய் எழுதியது என்றே ரவி இன்றுவரை நம்புகிறான்.

அந்த நீதிபதி கேள்வி கேட்ட அன்று பின்னேரம் புஷ்பராணியைப் பங்களாக் குசினிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். "ஒனக்கு ஏது தம்பி? நீ ஒத்தப் பிள்ளதானே? யாரக் கேட்டு எங்கதைய எடுத்த?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா டீச்சர்?"

"இது களவு."

"சரி, களவுதான். நாளைக்கு நீங்களே சொல்லுங்க. கையெழுத்துப் போட்டது நான்தான்னு சொல்லுங்க. நான் பின்னால ஒக்காந்து கேக்குறேன்."

நான் உள்ளே போகத் திரும்பினேன். அவள் பின்னாலிருந்து சொன்னாள்: "இவங்க நாளைக்கு எங்கெங்கயோ போகப் போறாங்க. வெக்கத்துல வாயத் தொறக்காமக் கையெழுத்துப் போடுறவங்க இருக்காங்கன்னு தெரியாமப் போகக் கூடாது. யாரோ ஒருத்தி போட்டிருக்கணும். நான் போட்டதா இருந்துட்டுப் போகட்டுமே. நானும் அன்னைக்கு அங்க நின்னவதானே டீச்சர். ஒரு தரம்தான் கேட்டேன். நீங்க வேணாம்னதும் போய் ஒக்காந்துட்டேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் அவள் அந்தக் கதையைச் சொன்னாள், நான் மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெட்கத்தை மறைக்காமல் சொல்லும் துணிச்சல் என்று புகழ்ந்தார்கள். சிரிக்காதீர்கள், எனக்கு அதற்கும் பொறாமை வந்தது. குற்றம் என்னுடையது, பதினான்கு மாதம் தலையணையை நனைத்தவள் நான், கைதட்டல் அவளுக்கு! கதையைத் திருப்பிக் கேட்கத் துணிவு இல்லை, அவளிடம் விட்டு வைக்கவும் மனம் இல்லை. இப்படியே பங்களாவை மூடும் நாள் வரை ஓடியது.

போன வாரம் ஹட்டனில் நடந்த இரங்கல் கூட்டத்தில் உங்களில் பலர் இருந்தீர்கள். பேசிய மூன்று பேரும் அந்தக் கதையைச் சொன்னார்கள். தம்பிக்காகக் கையெழுத்துப் போட்டு ஏமாந்த பெண், அந்த வேதனையையே பாடமாக்கியவர் என்றார்கள். கொழும்பிலிருந்து ரவியும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சிறையில் அவனுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தவள் புஷ்பராணி, அந்த நன்றிக்காக வந்திருந்தான். அதுவும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கூட்டம் முடிந்ததும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "பாவம்க்கா, அவங்க தம்பிக்கும் என்னைய மாதிரியே நடந்திருக்கு. ஆனா அவங்க ஒத்துக்கிட்டாங்க பாருங்க. அந்த மனசு யாருக்கு வரும்?"

நான் தலையாட்டினேன்.

புஷ்பராணி, நீ எல்லாவற்றிலும் என்னை இரண்டாவது ஆக்கினாய். அந்த எரிச்சல் உன்னோடு போகவில்லை, அதை நான் வைத்துக்கொள்கிறேன், பழகிப்போனது. பழியை மட்டும் நீ கொண்டுபோக விடமாட்டேன். மறுபடி கேட்காமல் போய் உட்கார்ந்தது உன் பங்கு, அதை வைத்துக்கொள். 'தேவையில்லை' என்று சொன்னது என் பங்கு. அதை இந்தத் தாளில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், ஆள் வைத்து மொழிபெயர்க்காமல், என் வாயால்.

ரவி, புஷ்பராணிக்குத் தம்பி இருந்ததில்லை.