வாய் திறக்காமல் பாடம் நடத்துகிறவள்

"சரி, அப்புறம்?" என்று போனில் கேட்பாள். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலைப் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்காருவாள். ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவள் பேசுவதெல்லாம் கேள்விதான். "கோடு யாரு போடுறா? சுண்ணாம்பு வந்துடுச்சா? வந்துச்சின்னு யாரு பாத்தா? அவன் வரலன்னா?" மறுமுனையில் மாணவன் திணறுவது பக்கத்து இருக்கைக்கும் கேட்கும். விடை அவளுக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டாள். "யோசிச்சி வை. புதுச்சத்திரம் வந்ததும் கூப்புடுறேன்" என்று வைத்துவிடுவாள்.

நித்யா மேரி என் தங்கை. நான் பத்தாவதோடு நின்றவள். அவள் விளையாட்டு மேலாண்மையில் முதுகலை முடித்து, சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் அதைச் சொல்லிக்கொடுக்கிறாள். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்துத் தரும் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் பாடம் நடத்தப் போன முதல் ஆள் அவள்தான்.

விளையாட்டு மேலாண்மை என்றால் விளையாடக் கற்றுக்கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு போட்டியை நடத்தக் கற்றுக்கொடுப்பது. மைதானம், பந்தல், தண்ணீர், நடுவர், முதலுதவி, கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது என்று எல்லாவற்றையும் மாணவர்களே குழு பிரித்துச் செய்யவேண்டும். முதல் வகுப்பில் அவள் சொல்வது இதுதான்: "கப்பு தூக்குறவன போட்டோ எடுப்பாங்க. அந்த கப்ப மேசையில கொண்டாந்து வச்சவன் யாருன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். நீங்க அவன்தான். புடிக்கலன்னா இப்பயே வேற கோர்ஸ் பாத்துக்கிங்க."

குழுவுக்கு ஒரு நிறத்தில் மணிக்கட்டில் துணி கட்டச் சொல்வாள். மைதானத்துக்கு நீலம், பந்தலுக்கு மஞ்சள், தண்ணீருக்குப் பச்சை. "உன் கலரு வேலைய நீ பாரு. அடுத்தவன் கலர்ல கைய வைக்காத. வச்சா அவன் வேலைய அவன் எப்பக் கத்துக்குவான்?" இது அவளுடைய சட்டம்.

போட்டியன்று காலையில் எல்லாரையும் நிற்கவைத்து, "இன்னையோட நான் செத்துட்டேன். நீங்கதான் நடத்தணும்" என்பாள். அப்புறம் மைதான ஓரத்து வேப்பமரத்தடி சிமென்ட் மேடையில் போய் உட்கார்ந்துகொள்வாள். சாயங்காலம்வரை வாயைத் திறக்க மாட்டாள். பையன்களுக்கு அதில் ஒரே கும்மாளம். "மேடம் பாடி எங்கடா?" என்பான் ஒருவன். "வேப்பமரத்தடியில கெடக்கு. மாலை வாங்கியாரியா?" என்பான் இன்னொருவன். அவள் காதில் விழும். சிரிப்பை அடக்கிக்கொள்வாள்.

முதல் வருடம் கைப்பந்துப் போட்டி. தண்ணீர்க் குழு தண்ணீரையே மறந்துவிட்டது. அவள் பையில் இரண்டு பாட்டில் இருந்தது. கொடுக்கவில்லை. பிள்ளைகள் வெயிலில் கடை கடையாக ஓடி, கேன் தூக்கி வந்து, ஆடியவர்களிடம் திட்டும் வாங்கினார்கள். அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது, "இனிமே எவனும் தண்ணிய மறக்க மாட்டான்க்கா" என்றாள். அதேபோல் அதற்குப் பிறகு எந்த வகுப்பும் மறக்கவில்லை. வருகிற மாணவர்களுக்கும் மூத்தவர்கள் சொல்லிவைத்தார்கள், எது போனாலும் தண்ணீர் போகக்கூடாது என்று.

அவளிடமிருந்து கிடைக்கும் பெரிய பாராட்டு "மோசமில்ல" என்பது. சக ஆசிரியர்கள், "பாடம் எடுக்காம பந்தல் கட்ட வைக்கிறாங்க" என்று கேலி பேசுவார்கள். அவள் மாணவர்களில் பலர் இப்போது பெரிய ஊர்களில் போட்டிகள் நடத்துகிறார்கள். அது எனக்குத் தெரியும். என் கணவர் சார்லஸ் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மச்சினியைப் பற்றித்தான் பேசுவார்.

இந்த ஆண்டு கல்லூரிகளுக்கிடையே கபடிப் போட்டி. கடலூர் அணியில் தேவனாம்பட்டினத்துப் பையன் சேரன் ஆடினான். ரெய்டு போனால் வெறுங்கையோடு திரும்பாதவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குத் தேர்வாகும் நிலையில் இருந்தான்.

பந்தல்காரர் கயிறு கட்ட அடித்த இரும்பு முளை ஒன்று, ஆடுகளத்தின் பக்கக் கோட்டுக்கு மிக அருகில் நின்றது. கோடு போட்ட நீலக் குழு அதைப் பார்த்துவிட்டது. பிடுங்கவில்லை. பந்தல் மஞ்சள் குழுவின் வேலை. முறைப்படி மஞ்சளிடம் சொன்னார்கள். மஞ்சள் குழு பந்தல்காரருக்குப் போன் செய்தது. அவர் வடலூரில் ஒரு கல்யாண வேலையில் இருந்தார், மத்தியானம் வருகிறேன் என்றார். அதுவரை யாரும் இடறிவிடாதிருக்க, ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை முளையின் மேல் கவிழ்த்து வைத்தார்கள்.

அது பச்சைக் குழுவின் பக்கெட். அந்தக் குழுவில் இருந்த ஜெயப்பிரகாஷ் நல்ல பையன். ஒரு கேன் காலியானதும் பக்கெட்டைத் தேடினான். கோட்டோரம் சும்மா கவிழ்ந்துகிடப்பதைப் பார்த்தான். எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். முளை பற்றி அவனிடம் யாரும் சொல்லவில்லை, அது அவன் நிறத்து வேலை அல்ல.

அடுத்த ரெய்டில் நான்கு பேர் சேர்ந்து சேரனைக் கோட்டுக்கு வெளியே தள்ளினார்கள். வலது முழங்கால் நேராக முளையின் மேல் விழுந்தது.

நடப்பான் என்று டாக்டர் சொன்னார். இனி ஆடுவானா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையை ஆட்டினார்.

நித்யா தினமும் கல்லூரி முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒருநாள் நானும் போனேன். சேரன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். திரும்பாமலே கேட்டான்: "மேடம், நான் ஒருத்தன தொட்டுட்டுத்தான் வுழுந்தேன். பாயிண்டு குடுத்தாங்களா?"

அவள் வராந்தாவுக்குப் போய், ஸ்கோர் எழுதிய மாணவிக்குப் போன் செய்து கேட்டுவிட்டு வந்தாள். "குடுத்திருக்காங்கப்பா" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து, காலைக்கூடக் கழுவாமல் அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்தாள்.

"ஜெயப்பிரகாஷ் பக்கெட்ட எடுத்தத நான் பாத்தேன்க்கா."

நான் அடுப்பை அணைத்தேன்.

"பரவால்ல, தண்ணிய நெனப்புல வச்சிருக்கான்னு சந்தோசப்பட்டேன். அப்புறந்தான் அது முளைய மூடுன பக்கெட்டுன்னு ஒறைச்சிது. ஒரு சத்தம் குடுத்திருந்தா போதும். நீலம் பாப்பான், மஞ்ச பாப்பான்னு வாயப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

சார்லஸ் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "ஒன்ன யாராவது பாத்தியான்னு கேட்டாங்களா?"

"இல்ல மாமா."

"அப்பறம் இன்னாத்துக்கு நீயா போயி வாயக் குடுக்குற? இந்த வருசம் ஒன் வேலைக்கி கையெழுத்து போடுறதுக்கே காலேஜில ஆயிரம் யோசிக்கிறாங்க. வுடு."

"ஜெயப்பிரகாஷ பரீச்சை எழுத வுடமாட்டாங்களாம் மாமா. அவன் தப்புன்னு முடிச்சிடப் போறாங்க."

சார்லஸ் கூடத்துக்குத் திரும்பிப் போனார். அவள் அன்று சாப்பிடவில்லை.

கல்லூரியில் விசாரணை நடந்த அன்று நான் துணைக்குப் போனேன். மின்சாரம் இல்லாததால் முதல்வர் அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் இருந்த எனக்கு எல்லாம் தெரிந்தது. முதல்வருக்கு எதிரே நித்யா. பக்கச் சுவரோடு ஒட்டி ஜெயப்பிரகாஷ் நின்றான். கதவோரக் கடைசி நாற்காலியில் சேரனின் அப்பா சிங்காரம். கடலுக்குப் போகிறவர். துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"எனக்கு கேசு கீசெல்லாம் வேணாம் சார்" என்றார் சிங்காரம். "எம்புள்ளைக்கி இன்னா நடந்துச்சின்னு யாராவது ஒருத்தரு நேரா சொன்னா போதும். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"அதுக்குத்தான் கூப்பிட்டிருக்கோம்" என்றார் முதல்வர். "இந்தப் பையன் யாரையும் கேக்காம பக்கெட்ட எடுத்திருக்கான். அவன் மேல நடவடிக்கை எடுக்கிறோம். நித்யா மேடம், நீங்க தூரத்துல மரத்தடியில இருந்தீங்க. உங்களுக்கு இது தெரிய வாய்ப்பில்ல. அப்படித்தானே? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிச்சிக்கலாம்."

ஜெயப்பிரகாஷ் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவன் காதுமடல் சிவந்திருந்தது.

"நான் பாத்தேன் சார்" என்றாள் நித்யா.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், நீங்க சொன்னது என் காதுல விழல. உங்க வேலைக்கான பேப்பர் இன்னும் என் மேசைலதான் இருக்கு. நல்லா யோசிச்சிட்டு, மறுபடி முதல்லேருந்து சொல்லுங்க."

அவள் எழுந்தாள். வெளியே வரப்போகிறாள் என்று நினைத்து நானும் எழுந்தேன். அவள் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்து, கால்கள் தரையில் கிறீச்சிட அதை முழுவதுமாகத் திருப்பினாள். கதவோரம்வரை இழுத்துக்கொண்டு போய், முதல்வருக்கு முதுகைக் காட்டி, சிங்காரத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.