சீனிச்சாமி மண் கொட்டிய கண்மாய்

சீனிச்சாமி போய்விட்டான்.

காலையில் அவன் மகள் போன் செய்து சொன்னாள். தூக்கத்திலேயே போயிருக்கிறான்... ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன். ஆட்டத்தில் எழுத்து மாறியிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

அழுகை வரும் என்று பார்த்தால் சிரிப்புத்தான் முட்டிக்கொண்டு வருகிறது. எங்கள் கண்மாய்க் கதையை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

அறுபதுகளின் கடைசி. இருவருக்கும் ஒரே ஊர், ஒரே பட்டாசு கம்பெனி. அவன் மருந்து கலக்கும் ரூம், நான் லேபிள் ஒட்டும் ரூம். வேலை முடிந்து ஒரே சைக்கிளில்தான் வீடு திரும்புவோம்.

ஊர்க் கண்மாய் அப்போது மண் மேவிக் கிடந்தது. மழை பெய்து கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் மடை வழியாக வயலுக்குப் போகாது. தூர் வாரச் சொல்லி ஊரே மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போயிருந்தது. இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனால் நிலத்தை விற்றுவிட வேண்டியதுதான் என்று எங்கள் அப்பா சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் சரக்கு எடுக்க வந்த பம்பாய் பார்ட்டி ஒருவர் எங்கள் முதலாளிக்கு ஒரு பேப்பர் வெயிட் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே ஒரு சிப்பி... சிப்பி தண்ணீருக்குள் கிடப்பது போலவே இருந்தது!

அதைப் பார்த்த நிமிஷமே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சிக்குக் கலெக்டர் வருவார். எங்கள் கண்மாயை மாடலாகச் செய்து, தூர் வாரினால் தண்ணீர் எப்படித் ததும்பி நிற்கும் என்று அவர் கண்ணிலேயே காட்டிவிட வேண்டும். ஊர்ப் பெரியவர்களும் சரி என்றார்கள். சீனிச்சாமி என்னைவிடத் துள்ளினான்.

கரைக்குக் கரிசல் மண், பனைமரத்துக்கு விளக்குமாற்றுக் குச்சி, வீடுகளுக்குத் தீப்பெட்டி செய்கிற மெல்லிய மரச் சில்லு. மடையை மட்டும் சீனிச்சாமி செங்கல்லில் செதுக்கினான். அந்தக் கண்ணாடி பிளாஸ்டிக்குக்கு ரெசின் என்று பெயராம்; பம்பாய்க்கு லோடு போன டிரைவர் ஒருவர் அதை இறுகாத கூழாக டப்பாவில் வாங்கி வந்தார். கூடவே அதை இறுக வைக்கிற மருந்து ஒரு சின்ன பாட்டிலில்.

மருந்து என்று காதில் விழுந்ததும் சீனிச்சாமி ஆளே மாறிவிட்டான். கம்பெனியில் வெடிமருந்து கலக்கும்போது செய்வது போலவே, அவன் வீட்டுக் கொட்டகையில் ஈரச் சாக்கு விரித்தான். செருப்பைக் கழற்றச் சொன்னான். இரும்புக் கரண்டி ஆகாது, மூங்கில் குச்சிதான். வாசலில் ஒரு வாளி மண். தண்ணி ஊத்துற வேலைக்கு எதுக்குடா மண்ணு என்று நான் கேலி செய்தேன். அவன் சிரிக்கவே இல்லை.

மெல்லிசாக ஊற்றிக் காயவிட்டு, அதன்மேல் திரும்ப ஊற்ற வேண்டும் என்று டிரைவர் சொல்லியிருந்தார்; ஏன் என்று சொல்லவில்லை. எங்களுக்கு ஏது பொறுமை... விடிந்தால் பொருட்காட்சி! மருந்தைக் கலந்து டப்பாவை அப்படியே கவிழ்த்துவிட்டோம்.

ஐயோ, அந்தத் தண்ணீரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடியில் கிடந்த கூழாங்கல் வரைக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் குழந்தை மாதிரி கையைத் தட்டினோம்.

கொஞ்ச நேரத்தில் மடைப் பக்கம் கொதிக்க ஆரம்பித்தது. ரெசின் இறுகும்போது சூடாகும், மொத்தமாக ஊற்றினால் புகையும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

புகையைக் கண்டதுதான் தாமதம்.

"ஓடுலே!"

என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே தள்ளினான். நான் முற்றத்தில் விழுந்து எழுந்து பார்த்தால், அவன் வாளியோடு திரும்ப உள்ளே போய்க்கொண்டிருக்கிறான். எங்கள் கம்பெனியில் புகைக்குப் பக்கத்தில் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. அது அவனுக்கும் தெரியும்... தெரிந்துதான் போனான்.

வாளி மண்ணும் கண்மாயில்!

வெடிக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. பாதிக் கண்மாய் பளிங்கு, மடைக்கு முன்னால் மண்மேடு, எல்லாம் சேர்ந்து கல்லாக இறுகிவிட்டது. ரெசினும் தீர்ந்துபோனது. ஆத்திரத்தில் காலி டப்பாவை முற்றத்தில் வீசினேன்.

மறுநாள் வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோய் வைத்தோம். கலெக்டர் வந்தார். நேராக மண்மேட்டின் மேல் விரலை வைத்து, தண்ணீருக்குள் இது என்ன என்று கேட்டார். நான் சீனிச்சாமியைத் திரும்பிப் பார்த்தேன்.

அவன் முன்னால் வந்தான். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"இதாம்யா எங்க கண்மாயி. தண்ணி நின்னாலும் மடைய மண்ணு மறிச்சிருது. வயலுக்கு ஒரு சொட்டு போகாது. அங்கன இருக்கிறதத்தான் இங்கன வச்சிருக்கோம்."

திருட்டுப் பயல்! திட்டம் போட்டுக் கொட்டியவன் மாதிரி சொல்கிறான். கலெக்டர் குனிந்து அந்த மண்ணைப் பார்த்தார். பிறகு எந்த ஊர் என்று கேட்டார்.

அந்தக் கோடையிலேயே தூர் வார ஆள் வந்துவிட்டது. ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தது. மடையைத் திறந்த அன்று இருவரும் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ஓடினோம். எங்கள் அப்பா வயலில் இறங்கி நின்றுகொண்டிருந்தார். சீனிச்சாமி ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ரெசின விட இது நல்லாத்தாம்லே இருக்கு."

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம். அந்த மாடல் அவன் வீட்டு பீரோ மேல்தான் இருக்கிறது. ரெசின் மஞ்சளாகிவிட்டது, மண் அப்படியே இருக்கிறது. அதை என்ன செய்ய மாமா என்று அவன் மகள் போனில் கேட்டாள். யாருக்கும் கொடுத்துவிடாதேம்மா, நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

ஊருக்குப் பிரிகிற விலக்கு வந்துவிட்டது. இறங்க வேண்டும்.

சாயங்காலம் உன்னைச் சுடுகாட்டுக்கு எடுக்கிறார்களாம், சீனி. புகை வரும்லே... வாளியைத் தேடாதே.