வெள்ளைக் கொடி

பொள்ளாச்சி ரோட்டுக் கல்யாண மண்டப வாசலில், பருத்திக்கு மருந்தடித்த அந்த ஒற்றை எஞ்சின் விமானத்துக்குப் புதுப் பெயின்ட் பூசி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்துப் பலகையில் அதன் வரலாறு. பெயின்டையும் மீறி அதன் வயிற்றிலிருந்து பழைய மருந்து நெடி வந்தது.

மண்டபம் நிற்கும் இடம் அன்று பருத்திக்காடு. தொலைவில் உறுமல் கேட்டதுமே பண்ணைக்காரர், "மாட்டையெல்லாம் சாளைக்குள்ள புடிச்சுக் கட்டுங்கடா, மருந்து பட்டுப்போகும்!" என்று கத்துவார், மாடுகள் சாளைக் கொட்டகைக்குள் போகும், கோழிகள் கூடைக்குள் போகும், தண்ணீர்த் தொட்டியைத் தகரத்தால் மூடுவார்கள், பைலட்டுக்கு வரிசை தெரிய வேண்டுமென்று என் அம்மா மட்டும் வெள்ளைக் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி காட்டுக்குள் நிற்பாள், விமானம் அவள் தலைமேல் மருந்தைக் கொட்டிவிட்டுத் திரும்பி வருவதற்குள் ஐம்பதடி தள்ளிப் போய் மறுபடி நிற்பாள், நான் சாளைக்குள் மாடுகளோடு நின்று பார்ப்பேன்.

அவளுக்கு ஓயாமல் கண்ணில் நீர் வடியும். கடைசிக் காலத்தில் என்னைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள்.

"எங்கய்யன் காட்டுக்கு மருந்தடிச்ச பிளேனுங்க," என்றார் பண்ணைக்காரரின் மகன், இறக்கையைத் தட்டிக்கொண்டே. "ஒரு ஆக்சிடென்ட்கூட ஆனதில்லீங்க."

"ஆமாங்க," என்றேன். "மாட்டுக்கு ஒண்ணும் ஆகலீங்க."